வளையலும் காமிராவும்

போன வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். அடுத்த வீட்டு அம்மாள் விடுவிடுவென்று என் வீட்டுப் படியேறி வந்தாள். பின்னாலேயே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பெண். பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகிறது.

"நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்கோ, மாமி! போட்டோ எடுக்கிற தொழிலுக்குப் போகப் போகிறாளாம். அதற்கு ஒன்றரை லட்ச ரூபாயில் காமிரா வேண்டுமாம். என் கை வளையல் இரண்டையும் விற்கச் சொல்கிறாள்!"

"விற்கச் சொல்லவில்லை, மாமி. அடகுதான் வைக்கச் சொன்னேன்."

எனக்குக் கொஞ்சம் காமிரா பிடிக்கத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே வழக்கு என்னிடம் வந்துவிட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் இந்த வழக்கு ஒரு நாள் வரலாம். அன்று நடந்ததை உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

"இப்போது எதில் படம் எடுக்கிறாய்?" என்றேன். செல்போனை நீட்டினாள். பாட்டியின் படம் ஒன்று இருந்தது. கூடத்து டியூப்லைட்டுக்கு அடியில் எடுத்தது. கண் இரண்டும் குழிக்குள் போய், மூக்கு மட்டும் முன்னால் வந்து நின்றது. பாட்டியின் தும்பைப்பூப் புடவை துவைத்து ஒரு மாதம் ஆனது போல் இருந்தது.

"இது மட்டமான போன், மாமி. 12 மெகாபிக்ஸல்தான். கடைக்காரர் காட்டிய காமிரா 33!" என்றாள்.

இந்த மெகாபிக்ஸல் மயக்கம் பலருக்கு உண்டு. விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை, புள்ளிக் கோலம்தான். ஒரு மெகாபிக்ஸல் என்றால் பத்து லட்சம் புள்ளி. ஆறுக்கு நாலு அங்குலப் படம் ஒன்றைத் தெளிவாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1800-ஐ 1200-ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் இருபத்திரண்டு லட்சம் வரும். இந்தப் பெண் கையில் இருப்பதோ ஒரு கோடியே இருபது லட்சம்! புள்ளி கூடினால் கோலம் பெரிதாகும். அழகாகுமா? பெரிய காமிராவுக்கு வேறு பெருமை உண்டு. அதன் உள்ளே வெளிச்சம் வந்து விழும் தகடு பெரியது. மங்கலான கல்யாண மண்டபத்தில் அது கை கொடுக்கும். அதை நான் மறைக்கவில்லை.

"நாளைக் காலை பாட்டியை ஜன்னலோரம் உட்கார வை" என்றேன். "வெயில் நேரே விழாத ஜன்னலாக இருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடு. முகத்துக்குப் பக்கத்தில் போகாதே; நாலைந்து அடி தள்ளி நில். பக்கத்தில் போனால் காதைவிட மூக்கு காமிராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். அதனால்தான் பெருக்கிறது."

புடவைக்கும் வழி உண்டு. காமிராவுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணி வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைப் புடவை அழுக்கேறும். கறுப்புப் பட்டு வெளுக்கும். பல போன்களில் திரையில் முகத்தைத் தொட்டால் சூரியனைப் போல ஒரு குறி தோன்றும். அதைச் சற்று மேலே தள்ளினால் புடவை வெள்ளையாகிவிடும். கறுப்புக்குக் கீழே தள்ள வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் அசடு வழிந்தவள்தான். என் தங்கை கல்யாணத்தில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தபடியே பளிச் பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தேன். ஃபிலிமைக் கழுவி வந்தபோது மணப்பெண்ணைக் காணோம்! எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் வழுக்கை மட்டும் பௌர்ணமிச் சந்திரனாக ஜொலித்தது. தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷ் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். நாலு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. மேடை வரையில் அது போய்ச் சேருமா, பாவம்!

"அது கிடக்கட்டும், மாமி. பெண்பிள்ளை காமிராவை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதாவது!" என்றாள் அம்மாள்.

இதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஹோமாய் வியாரவாலா என்ற பார்ஸிப் பெண்மணி புடவை கட்டிக்கொண்டு, கனத்த காமிராவோடு டில்லியில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். 1947-ல் சுதந்திரம் வந்தபோது நடந்த வைபவங்கள் அவர் படங்களில் இருக்கின்றன. ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் அச்சாயின. 2011-ல் பத்மவிபூஷண் அவர் பெயருக்கே வந்தது.

"எனக்குத்தான் வயதாகிவிட்டதே, மாமி. இருபத்திரண்டு!" என்று பெண் பெருமூச்சு விட்டாள். சிரிப்பதா, அழுவதா? கல்கத்தாவில் 1815-ல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரான் என்ற ஆங்கில மாது முதன்முதலில் காமிராவைத் தொட்டது 1863 டிசம்பரில். வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றவள். மகளும் மாப்பிள்ளையும் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கொடுத்த பரிசு அது. வீட்டுக் கோழிக்கூண்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினாள். கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. அந்த நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். அடுத்த மாதமே ஒரு சிறுமியின் படம் நன்றாக விழுந்தது. "மங்கல், தெளிவில்லை" என்று நிபுணர்கள் குறை சொன்னார்கள். அந்த அம்மாள் சட்டை செய்யவில்லை. டெனிஸன், டார்வின் போன்றவர்களை அவள் எடுத்த படங்களை உலகம் இன்றைக்கும் பார்க்கிறது. கடைசியில் கணவருடன் இலங்கைக்கு வந்து, அங்கேயும் தோட்டத்துக் கூலி ஜனங்களைப் படம் பிடித்து, 1879-ல் அங்கேயே காலமானாள்.

ஆனால் பெண்ணிடம் கண்டிப்பாகவும் ஒன்று சொன்னேன். படம் எடுக்கத் தெரிவது வேறு, அதில் அரிசி வாங்குவது வேறு. கல்யாணத்துக்குப் போகிறவள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். கெட்டி மேளம் ஒரு தரம்தான் கொட்டும். தாலி ஏறும் கணம் தவறினால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. பிறகு ஆயிரக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி, ஆல்பம் கொடுத்து, பாக்கிப் பணத்துக்கு நடக்க வேண்டும்.

"முதலில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கப் போ. ஆறு மாதம். பெரிய காமிரா வேண்டிய நாளில் வாடகைக்குக் கிடைக்கும்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை பகலில் போனைக் கொண்டு வந்து காட்டினாள். அதே போன்தான். ஜன்னலோரத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னத்தில் வெளிச்சம், மறு பக்கத்தில் மெல்லிய நிழல், நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. புடவை வெள்ளை வெளேரென்று இருந்தது. தாயார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போது வளையல், மாமி?" என்றாள் மெதுவாக.

"இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் விளக்குப் பிடித்த பிறகும் இவள் வந்து கேட்டால், கழற்றிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.