பெரிய டயர் யாருக்கு இலாபம்?

புறக்கோட்டையில் சரக்கேற்றிக் கண்டிப் பக்கம் ஓடும் லொறிக்காரர்கள் சிலர், டயர் மாற்றும்போது கம்பனி அளவைவிடப் பெரிதாகப் போடுகிறார்கள். குழியில் அடிபடாதாம், பார்வைக்கும் எடுப்பாம். வியாபாரிக்கு இது நட்டக் கணக்கு என்பதே என் அபிப்பிராயம்.

டிபரன்ஷலில் 41 பல் கிரவுன் வீலும் 7 பல் பினியனும் உள்ள லொறியை எடுத்துக்கொள்வோம். பினியன் ஏறத்தாழ 5.86 தடவை சுற்றினால்தான் சில்லு ஒரு தடவை சுற்றும். கணக்குக்கு இலகுவாக, சில்லின் விட்டம் 10 வீதம் கூடியதென வைப்போம். இழுவை 9 வீதம் குறைந்துவிடும். 5.3 விகித டிபரன்ஷல் பூட்டியதற்குச் சமம். சமதரையில் இது தெரியாது. என்ஜின் இரைச்சல் குறைந்து சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் கடுகண்ணாவ ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டாம் கியர் கேட்கும். நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் தேயும். இறக்கத்தில் பிரேக்கையும் கூடுதலாக மிதிக்கவேண்டும். இலேசான பாரத்தோடு புத்தளம் வீதியில் மட்டும் ஓடுபவருடன் நான் வாதிட வரவில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மீற்றர் பழைய டயரின் கணக்கையே பார்க்கும். 110 கிலோமீற்றர் ஓடினாலும் 100 என்றே காட்டும். கிலோமீற்றர் கணக்கில் ஹயர் ஓடுபவர் மிச்சப் பத்தை இனாமாகக் கொடுக்கிறார். வேகமும் அப்படித்தான், 50 காட்டும்போது உண்மையில் 55. தண்டப்பணம் வந்தால் சாரதியை ஏசிப் பயனில்லை.

பெரிய டயர்தான் வேண்டுமென்றால் கிரவுன் வீல், பினியன் சோடியையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். டயர் கடைக்காரர் சொல்லும் விலையில் அந்தச் செலவு இருக்காது.