“குணம்” என்றொரு சொல்

இரத்தப் புற்றுநோயைக் குறித்து வைத்தியக் கல்வி பெறாத ஒருவன் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. விஷயம் அதிகம் தெரிந்தால் அச்சமும் அதிகமாகும் என்பார் சிலர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகவும், நாட்பட்ட மைலாய்டு லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோயைத் துணையாகவும் கொண்டு பெங்களூரில் வாழ்ந்துவரும் எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. அரைகுறையாகப் பெயர்க்கப்பட்ட ஒரு சொல் விளைவிக்கும் கேட்டினை நான் பன்முறை கண்டிருக்கிறேன்.

இந்நோயின் விஞ்ஞானம் சாமானியருக்கும் விளங்கக்கூடியதே. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயுற்றோரின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குறுகியிருக்கக் கண்டனர். 1973இல் சிகாகோவைச் சேர்ந்த ஜானெட் ரௌலி அம்மையார் காரணத்தை விளக்கினார்: 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. ஒட்டிய இடத்தில் இரு ஜீன்கள் ஒன்றாகி, “பெருகு, பெருகு” என ஓயாமல் ஆணையிடும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. எலும்பு மஜ்ஜை அவ்வாணைக்குப் பணிந்து வெள்ளணுக்களைப் பெருக்கித் தள்ளுகின்றது. அப்புரதத்திலுள்ள ஒரு குழியில் சென்று அமர்ந்து அதன் வாயை அடைப்பது இமாட்டினிப் என்னும் மாத்திரை. 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இம்மருந்தின் ஒரு வடிவத்திற்கு நமது உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை மறுத்தது. இந்தியக் கம்பெனிகள் அதனைக் குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க வழி ஏற்பட்டது.

மருந்து எட்டும் விலைக்கு வந்துவிட்டது. சொல்தான் இன்னும் எட்டவில்லை. பெங்களூரில் 1973இல் நிறுவப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் முதலாக இந்நகரின் மருத்துவமனைகளை அண்டைத் தமிழ் மாவட்டத்தாரும் நாடி வருகின்றனர். நம் நாட்டில் பரிசோதனை அறிக்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. “பாசிடிவ்” என்று கண்டவுடன் நல்ல செய்தி என மகிழ்வோர் உண்டு; அங்கே அச்சொல்லுக்குக் குறை காணப்பட்டது என்பதே பொருள். “பிளாஸ்ட்” என்பதை அகராதி பார்த்து “வெடிப்பு” என்று உரைப்போரும் உண்டு. அது முளை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. முதிராத இளம் அணுவைக் குறிப்பது. தம் இரத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு வெடிப்பு என்று கேட்கும் குடியானவரின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இவையெல்லாம் சிறு பிழைகள். உயிருக்கே உலை வைப்பது “ரெமிஷன்” என்பதைக் “குணம்” என்று பெயர்ப்பதாகும். நோய் வெளிப்படும் காலத்தில் உடலில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும் என்பது உத்தேசக் கணக்கு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, இணைந்த ஜீனின் அளவை மதிப்பிடுகின்றனர். தொடக்க அளவை 100 என்று கொண்டால், ஓராண்டின் முடிவில் அது 0.1க்கு மேற்படாதிருப்பது விரும்பத்தக்கது. ஆயிரத்தில் ஒரு பங்கு! அப்போதும் நூறு கோடி அணுக்கள் எஞ்சியிருக்கக்கூடும். ஆயினும் சோர்வு நீங்கிவிட்டது. மண்ணீரல் வீக்கம் வடிந்துவிட்டது. இந்நிலையில் “குணமாகிவிட்டது” என்று கேட்டவர் மாத்திரையை நிறுத்தினால் வியப்பென்ன? பஸ் கட்டணமும் ஒரு நாட்கூலியும் மிச்சமாகுமே. பல ஆண்டுகள் மிகத் தாழ்ந்த அளவிலேயே நிலைத்திருப்போர்க்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் முறையும் உண்டு. அது மருத்துவரின் கண்காணிப்பில், அடிக்கடி சோதனை செய்து நடைபெறுவது. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்க நேர்கின்றது.

1961இல் மத்திய அரசு கலைச்சொற்களுக்கென ஓர் ஆணையம் அமைத்தது. இத்தகைய அமைப்புகளின் சொற்பட்டியல்கள் பாடநூல் எழுதுவோர்க்கு நன்கு உதவும்; மாத்திரை உண்பவர்க்கு வேண்டுவது வேறு. “ரெமிஷன்” என்பதற்கு நான் “தணிவு” என்னும் சொல்லையே பரிந்துரைப்பேன். தீ தணிந்திருக்கிறது என்றால் அடியில் கனல் உண்டென்பதை நம் கிராமத்துப் பாட்டியும் அறிவாள். ஒவ்வோர் அறிக்கையுடனும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தாள் தரப்படல் வேண்டும். சென்ற முறை அளவு, இம்முறை அளவு, அடுத்த சோதனையின் தேதி, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது என்னும் ஒரு வரி, இவ்வளவே போதும். மொழிபெயர்ப்பாளர் எழுதி மருத்துவர் திருத்திய பின், பத்து நோயாளிகளிடம் படித்துக் காட்டி, என்ன விளங்கிற்று என்று கேட்டறிந்தே அச்சேற்ற வேண்டும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை இதுவே. கன்னடத்தில் எச்சொல் பொருந்தும் என்பதை அம்மொழியில் தேர்ந்த அன்பர்கள் எழுதுவார்களாக.