சுவரில் எந்த மலை?

ஒரு குழந்தையிடம் மலை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோணம், நடுவே பாதி சூரியன், அடிவாரத்தில் ஓர் ஆறு. மலையையே பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையும். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நவராத்திரிக் கொலுவில் பார்க் அமைத்து, சாவி கொடுத்த ரயிலை வட்டமாக ஓடவிட்டு, பின்னால் பனி மூடிய சிகரத்தை ஒட்டுவார்கள். பழைய போட்டோ ஸ்டுடியோ திரைகளிலும் நாடகக் கம்பெனி 'சீன்'களிலும் இதே கதைதான்.

ரயிலைத் தோட்டத்தில் ஓடவிடுகிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1968இல் ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் வெயில் மழைக்கு அசராத பொம்மை ரயில்களைக் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். அசலில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் நம் பழைய மீட்டர் கேஜின் குட்டிப் பிரதி. செடிகளுக்கு நடுவே ரயில் ஓடுவது அழகுதான். ஆனால் பின்னால் காம்பவுண்டுச் சுவர் தெரிந்தால் மயக்கம் கலைந்துவிடும். அதனால் சுவரில் மலை வரைகிறார்கள்.

வரைவதற்குச் சில எளிய விதிகள் உண்டு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. நிஜத்தில் தூரம் பச்சையாக இருப்பதில்லை, நீலமாக இருக்கிறது. இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. நீலகிரிக்கு அந்தப் பெயர் பொருந்துவது இதனாலும்தான். ஆகவே தொலைவு மலைக்கு வெளிறிய நீலம், அடுத்ததற்குச் சற்று அழுத்தம், அருகிலுள்ளதற்குத்தான் பச்சையும் பழுப்பும். வானம் உச்சியில் அடர்ந்து, மலையைத் தொடும் இடத்தில் வெளுக்க வேண்டும். கறுப்பு நிழல் தீட்டாதீர்கள். தோட்டத்துச் சூரியன் நகரும், உங்கள் நிழல் நகராது. தண்டவாளத்தைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் ரயிலின் நிழல் மலைமேல் ஏறும். சுவரும் தரையும் சேரும் கோட்டைச் சிற்றிலைச் செடிகளால் மறையுங்கள். டிஸ்டெம்பர் முதல் மழைக்கே கரையும். பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான பளபளப்பில்லாத எமல்ஷனைப் பூசுங்கள்.

எப்படி வரைவது என்பது இவ்வளவுதான். எதை வரைவது என்பதுதான் கேள்வி.

கோலார் தங்கவயலில், பாலகாட்டில் ஒருவர் தன் தோட்டத்தில் இப்படி ஒரு ரயில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊருக்கு நிஜ ரயில் 1894இலேயே வந்துவிட்டது. அன்று பவுரிங்பேட்டை, இன்று பங்காருபேட்டை. அங்கிருந்து மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் பாதை. அந்த ரயிலின் ஜன்னலில் தெரியும் மலைகள் பனிச் சிகரங்கள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. தட்டையான தலை, சாம்பல் வெள்ளை உடம்பு, மழைநீர் அரித்த வரிவரியான பள்ளங்கள். ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மேடு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறங்கி வெட்டியதன் மிச்சம். தங்கம் வெளியே போயிற்று, மேடு ஊரில் தங்கிற்று.

சினிமாக்காரர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்கிறது. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படம் இந்த மேடுகளையே பின்னணியாக்கியது. ஊர்க்காரர்களுக்கோ இது வெறும் காட்சியல்ல. கோடைக் காற்றில் பொடி பறந்து வீட்டுக்குள் வரும், இருமல் வரும். இதையா தோட்டத்துச் சுவரிலும் வரைவது என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. மேடுகளும் நிரந்தரமல்ல. 13 மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 3.3 கோடி டன் கழிவு. முழுக்க வாரினால் தூசித் தொல்லை குறையலாம், குறைந்தால் நல்லதே. அதோடு நூறாண்டு உழைப்பின் ஒரே பெரிய அடையாளமும் போகும். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு வேறென்ன நினைவுச்சின்னம் அந்த ஊரில் அவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது?

ஆகவே பாலகாட்டுக்காரருக்கு ஒரு யோசனை. சிகரத்தைச் சீவித் தட்டையாக்குங்கள். அருவி வேண்டாம், அரித்த பள்ளங்கள் போதும். ஓரத்தில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்துங்கள். பெயின்ட் கடையில் நீலத்தைக் குறைத்து, சாம்பலைக் கூடுதலாகக் கேளுங்கள். பேரன் "இது என்ன மலை தாத்தா?" என்று கேட்பான். பனிச் சிகரத்துக்கு உங்களிடம் பதில் கிடையாது. இதற்கு உண்டு.