ஞாபக சக்தி டப்பாவும் நம் கடையின் நாணயமும்

மளிகைக் கடை என்றால் பருப்பும் புளியும் எண்ணெயும் மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. சத்து மாவு, டானிக், லேகியம், காப்ஸ்யூல் என்று நம் அலமாரிகளில் ஒரு தனி வரிசையே வந்துவிட்டது. முதியோரின் மறதியைப் போக்கும், ஞாபக சக்தியைக் கூட்டும் என்று அச்சடித்து வரும் டப்பாக்களும் அவற்றுள் உண்டு. அவற்றை விற்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. டப்பாவை எடுத்து நீட்டும்போது, "இது நல்லா கேட்கும், தைரியமா வாங்கிக்கிட்டுப் போங்க ஐயா" என்று நாம் சேர்த்துச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே இங்கு பேசுகிறோம். அதை நாம் சொல்லக் கூடாது என்பதே நமது கருத்து.

வணிகர்களாகிய நாம் சோதிக்காமல் எதையும் கொள்முதல் செய்வதில்லை. மூட்டையில் மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். மறதி மாத்திரையை அப்படிச் சோதிக்க முடியாது. "இரண்டு மாதம் சாப்பிட்டேன், தெளிவாக இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்வதும் சோதனை ஆகிவிடாது. நல்ல தூக்கம் வந்தாலும், பிள்ளைகள் வந்து பேசிக்கொண்டிருந்தாலும், மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையாலும்கூட மனம் தெளிவடைவது உண்டு.

ஆகவேதான் அறிஞர்கள் தராசு முறையைக் கையாளுகிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை. மறு பாதிக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது. சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வெறும் மாத்திரைதான் இங்கே படிக்கல். அந்தப் படிக்கல் இல்லாமல் எடை போட்டால் எந்தச் சரக்கும் கனமாகத்தான் தெரியும்.

அப்படி எடை போட்டதில் என்ன தெரிந்தது? ஜின்கோ மரத்தின் இலைச்சாறு ஞாபகத்துக்கு நல்லது என்று உலகெங்கும் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு, ஒரு பாதிக்கு இச்சாற்றை 120 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளையும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். 2008இல் முடிவு வெளியாயிற்று. மறதி நோய் கண்டவர்கள் சாறு சாப்பிட்டோரில் 277 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டோரில் 246 பேர். இச்சாறு நோயைத் தடுக்கவில்லை என்பதே தீர்ப்பு. பிரான்சில் 2,800க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்விலும் தடுத்ததாக நிரூபணமாகவில்லை.

எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,262 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கோகோச் சாற்றால் பயன் இல்லை. ஆனால் தினம் ஒரு பல்சத்து வைட்டமின் மாத்திரை சாப்பிட்டோரின் ஞாபகம் சிறிதளவு மேம்பட்டிருந்தது. அது சிறிய பயன்தான்; மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மறதியைத் தடுப்பதற்கென்று வைட்டமின் பி, ஈ போன்றவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்றே கூறியது.

நம் ஊரில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் இதே பெயரில் விற்கின்றன. நீர்ப்பிரமியைப் பற்றி அமெரிக்காவில் முதியோரிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு நல்ல பலனைக் காட்டியது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 54 பேர். காலம் 12 வாரம். ஒரு கைப்பிடியைப் பார்த்து ஒரு லாரிச் சரக்குக்கு விலை பேசுவோமா? வல்லாரையைக் கீரையாக, துவையலாக, பொடியாக விற்போம். மருந்தாக விற்க வேண்டாம்.

சிலர் கேட்கலாம்: "கம்பெனி அச்சடித்ததைத்தானே நாம் சொல்கிறோம்? நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்களே?" முதல் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, காலாவதியான சரக்கு, தவறான லேபிள் உள்ள சரக்கு, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கு ஆகியவற்றுக்கு விற்பவரும் பொறுப்பாளி. 53ஆம் பிரிவு, தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை வெளியிடுவோருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சேல்ஸ்மேன் கொண்டுவந்து ஒட்டும் நோட்டீசும் விளம்பரம்தான் என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது கேள்வி வியாபாரம் பற்றியது. நம் கடைக்கு வரும் பெரியவர் பென்ஷன் பணத்தில் வாங்குகிறார். காசு போனால்கூடப் பரவாயில்லை. காலம் போனால் திரும்பாது. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றாலும் மறதி வரும். அவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. நம் வார்த்தையை நம்பி ஆறு மாதம் டப்பாவோடு இருந்துவிட்டால், அந்த ஆறு மாதமும் டாக்டரிடம் போகாத காலம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு ஜின்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதும் மருத்துவர்களின் எச்சரிக்கை.

எனவே வணிகப் பெருமக்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். பில் இல்லாமலும், உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாமலும் இச்சரக்கை இறக்கக் கூடாது. "மறதி தீரும்" என்று அச்சடித்து வந்தால், எத்தனை பேரிடம், எத்தனை நாள், வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள் என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் சரக்கைத் திருப்பிவிட வேண்டும். மறதி என்று சொல்லி வருகிற பெரியவரிடம், "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் ஐயா" என்று சொல்ல வேண்டும். மொத்த வியாபாரிகள் இதைக் கேட்கத் தொடங்கினால் சில்லறைக் கடைக்காரரின் பாரம் பாதியாகக் குறையும்.

ஒரு டப்பாவில் கிடைக்கும் லாபம் அன்றைய கல்லாவோடு முடிந்துவிடும். "அந்தக் கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும்" என்ற பெயரைச் சம்பாதிக்க நமக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. சோதிக்காத சரக்குக்கு அந்தப் பெயரை ஜாமீன் கொடுக்க வேண்டாம்.