லைஃப்டைம் ஆயில்னா யாரோட லைஃப்டைம்?



போன எபிசோடில் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதைப் பத்திப் பேசினோம். நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை "காலம் முடிஞ்சது"னு சொல்றது யார், எதுக்கு என்பதுதான் அன்றைய கேள்வி. இந்த வாரம் அதே கேள்வியை கராஜுக்குள்ள கொண்டு போகிறேன். விஷயம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்.

இங்கே கனடாவுக்கு வந்து இறங்குற நம்மாளுங்க முதலில் வாங்குவது பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு வருஷப் பழைய ஜப்பான் கார். என்ஜின் ஆயிலை ஒழுங்கா மாத்துவோம், பனிக்கு முன்னாடி டயர் மாத்துவோம். கியர்பாக்ஸ் ஆயிலைக் கேட்டால், "அது லைஃப்டைம்ங்க, தொடவே வேணாம்" என்று பதில் வரும். என் கருத்து இதுதான்: அந்த லைஃப்டைம் கியர்பாக்ஸோட ஆயுள்தான், உங்க காரோட ஆயுள் இல்லை. பல கம்பெனிகள் இங்கே என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தர்ற வாரண்டி 5 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர். அதுக்கு அப்புறம் என்ன ஆனாலும் செலவு நம்மளோடது. பிஎம்டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து தர்ற இசட்எஃப் கம்பெனியே தன் கியர்பாக்ஸ் ஆயிலை மாத்தச் சொல்லித்தான் பரிந்துரைக்குது. செஞ்சவன் மாத்துங்கிறான், வித்தவன் வேணாங்கிறான். நான் செஞ்சவன் பேச்சைக் கேட்பேன்.

இந்த ஆயில் வெறும் மசகு இல்லை. டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினின் சக்தியைக் கடத்துவது அதுதான். அதோட அழுத்தம்தான் உள்ளே இருக்கிற கிளட்ச்சுகளைப் பிடிச்சு விடுது, சூட்டை வெளியே கொண்டு போறதும் அதே. கிளட்ச் எவ்வளவு வழுக்கணும், எப்போ கவ்வணும் என்பதையும் அதில் கலந்திருக்கிற ரசாயனம்தான் முடிவு பண்ணுது. வருஷக்கணக்கா சூட்டில் வெந்து அந்த ரசாயனம் தீர்ந்துபோனால், கியர் மாறும்போது குலுங்கும், இடிக்கும்.

எந்த ஆயில் வாங்குறது? இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. பிராண்ட் முக்கியம் இல்லை, ஸ்பெக்தான் முக்கியம். மேனுவலில் போட்டிருக்கிற பேரைப் பாருங்க. டொயோட்டாவில் டைப் டி-4 கேட்கிற வண்டியும் உண்டு, டபிள்யூஎஸ் கேட்கிற வண்டியும் உண்டு. ரெண்டும் வேற வேற, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி ஊத்தக் கூடாது. ஜிஎம், டெக்ஸ்ரான் 3-க்கு லைசென்ஸ் கொடுக்கிறதை 2006-ஓட நிறுத்திட்டது. அதனால இன்னைக்குக் கடையில் "டெக்ஸ்ரான் 3-க்குப் பொருந்தும்"னு எழுதியிருக்கிற பாட்டிலுக்குப் பின்னால் ஜிஎம் சோதனை எதுவும் இல்லை. அதுக்குப் பதிலா வந்த டெக்ஸ்ரான் 6 பழைய ஜிஎம் வண்டிக்கும் ஆகும், அதாவது பேக்வர்ட் கம்பேட்டிபிள். ஹோண்டாவும் அப்படித்தான், பழைய இசட்-1 போய் டிடபிள்யூ-1 வந்தது. "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்"னு விக்கிற பாட்டிலை நான் தொடுறதில்லை. எல்லா பிரவுசரிலும் ஓடும்னு சொல்ற கோடு மாதிரிதான் அது.

என்கிட்ட இருக்கிறது 2007 ஹோண்டா சிவிக், 2,10,000 கிலோமீட்டர் ஓடினது. நான் கான்ட்ராக்டர். கிளையன்ட் ஆபீசுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, கான்ட்ராக்ட் எப்போ முடியும்னும் தெரியாது. இந்த நிலைமையில் புது கார் லோன் எடுக்கிறதை விட இந்த கியர்பாக்ஸைக் காப்பாத்துறது எனக்கு லாபம். கடையில் கேட்டேன். மெஷின் வைச்சு மொத்தமா ஃப்ளஷ் பண்றோம்னாங்க. என்ன ஆயில் ஊத்துவீங்கன்னு கேட்டால் நேரா பதில் இல்லை. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

கீழே இருக்கிற போல்ட்டைக் கழட்டினால் சுமார் 2.4 லிட்டர்தான் இறங்கும். உள்ளே மொத்தம் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் புதுசு என்று வைத்துக்கொண்டால், பழசு முதல் தடவையில் 60, ரெண்டாவதில் 36, மூணாவதில் 22 சதவீதமாகக் குறையும். நடுவில் சில நாள் ஓட்டிட்டு, மூணு தடவை மாத்தினேன். எட்டு பாட்டில், நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. ஃப்ளஷ்ஷை விட இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. எத்தனை இறங்குச்சோ அத்தனையே ஊத்துறோம், எந்த ஆயில் போகுதுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியும்.

"ஒன்றரை லட்சம் தாண்டினா மாத்தாதே, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்"னு சொல்ற அண்ணன் ஒருத்தர் எல்லா ஊர்லயும் இருப்பார். அவர் பார்த்தது நிஜமாவே நடந்திருக்கும். ஆனா யார் மாத்தினாங்கன்னு யோசிங்க. பல வருஷம் தொடாம விட்டு, கியர் வழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் கடைசி முயற்சியா மாத்தியிருப்பாங்க. சாகப்போற சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு, ரீஸ்டார்ட்தான் கொன்னுச்சுன்னு சொல்ற மாதிரி. அந்த நிலைமைக்கு வந்த கியர்பாக்ஸை ஆயில் மாத்திக் காப்பாத்த முடியாது, அங்கே செலவழிக்காதீங்க. இறங்கின ஆயில் கருகின வாசனை அடிச்சாலோ, போல்ட் காந்தத்தில் கண்ணுக்குத் தெரியுற இரும்புத் துண்டு ஒட்டியிருந்தாலோ மெக்கானிக்கைப் பாருங்க. சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணம். துடைச்சுட்டு, புது வாஷர் போட்டு மாட்டிடுங்க.

அளவு பார்க்கிறதிலும் வண்டிக்கு வண்டி பழக்கம் மாறும். என் சிவிக்கில் சூடானதும் என்ஜினை நிறுத்திட்டுக் குச்சியை எடுத்துப் பார்க்கணும். குச்சி உள்ள டொயோட்டாவில் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும். குச்சியே இல்லாத வண்டியும் உண்டு. அதில் ஆயிலோட வெப்பநிலையை அளந்து, வழியிற அளவை வைச்சுத்தான் சரிபார்க்கணும். அதை வீட்டு டிரைவ்வேயில் முயற்சி பண்ணாம, நீங்க வாங்கின ஆயிலோட கடைக்குப் போங்க.

சிவிடி கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, மேலே சொன்ன ஆயில் எதுவுமே உங்களுக்கு இல்லை. அதுக்குத் தனி ஆயில், தனி கணக்கு, அடுத்த மடலில் எழுதுறேன். இறங்கின பழைய ஆயிலை பாட்டிலில் மூடி ஊரோட அபாயக் கழிவு டிப்போவில் கொடுத்துடுங்க. தயவுசெஞ்சு சாக்கடையில் ஊத்தாதீங்க.