காலையில் கத்தும் கருவி

பன்வில தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வத்தேகமைக்கு இறங்கும் லொறியில் ஒருநாள் அதிகாலை ஏறியமர்ந்தோம். எஞ்சின் இயங்கியதும் சிவப்பு விளக்கு எரிய, காதைத் துளைக்கும் ஒலியொன்று எழுந்தது. "தினமும் இப்படித்தான் கத்தும், ஐயா" என்று சிரித்தான் கிளீனர் பையன். சாரதியோ அசையவில்லை.

அவ்வண்டியின் பிரேக்குகள் காற்றால் இயங்குபவை. எஞ்சினோடு சுழலும் கம்பிரசர் தொட்டிகளிற் காற்றை அடைக்கிறது. இறக்கத்திற் பிரேக்கை அடிக்கடி மிதித்தால் வரவினும் செலவு மிகும், அமுக்கம் குறையும். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலுக்குக் கீழே அது வீழுமுன் குரல் கொடுப்பதே அக்கருவியின் தொழில். பழைய அமெரிக்க லொறிகள் சிலவற்றில், சாரதியின் கண்ணெதிரே ஒரு தகட்டுக்கை பொத்தென்று விழும். அமுக்கம் மீளும்வரை மேலே தள்ளினாலும் நில்லாது. குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை!

பொருட்படுத்தாமல் ஓட்டினால்? அமுக்கம் 45க்கும் 20க்கும் இடையே இறங்கும்போது, விற்சுருள் பிரேக்குகள் தாமே சக்கரங்களை இறுகப் பிடித்துவிடும். நிற்பது நன்றுதானே என்று மாணவர் கேட்கலாம். எந்த வளைவில் என்பதைச் சாரதியா தீர்மானிக்கிறார்?

தொல்லையென்று இக்கருவியின் கம்பியைக் கழற்றி வைப்போரும் உளர். உண்மையில், தொட்டி வெறுமையாயிருக்கும் காலைவேளையில் அது கத்தாவிட்டாற்றான் அஞ்சவேண்டும். பையனிடம் இதைச் சொன்னோம். சிரிப்பை நிறுத்திவிட்டு அமுக்கமானியை உற்றுப் பார்த்தான். முள் 100ஐத் தாண்டிய பின்னரே சாரதி கியரிற் கைவைத்தார்.

வத்தேகமை வரை அவ்வொலி மீண்டும் எழவில்லை.