செங்கோல் சிலைக்கு! சேவை பெண்ணுக்கா?

“உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?” என்று கேட்டுச் சிரிப்பது நம் நாட்டு வழக்கம். மதுரை என்றால் மனைவி ஆட்சி. சிதம்பரம் என்றால் கணவன் ஆட்சி. இந்த வேடிக்கைப் பேச்சின் வேர் மீனாட்சி கோயிலில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் முடிசூட்டு நடக்கும். சிலைக்குச் செங்கோல் தரப்படும். பெண்ணரசு பிறந்தது என்று பெரியோர் பூரிப்பர்!

அந்தச் செங்கோலை உயிருள்ள பெண்ணொருத்தி கையில் வாங்கினால்? 2024ஆம் ஆண்டு அதுவும் வெளிச்சத்துக்கு வந்தது. கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவர் ஒரு பெண், கணவரை இழந்தவர். ஆகையால் அவர் செங்கோலை வாங்கலாகாது, ஆகமம் தடுக்கிறது என்று ஒருவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே சென்றார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஏற்காதது நன்று. ஆனால், கேட்கத் துணிந்தார்களே! கல்லாக இருந்தால் அரசி. கண்ணும் கருத்தும் உடையவளாக இருந்தால் அமங்கலி! இதுதான் இவர்கள் போற்றும் பெண்ணரசு.

தோழர்களே! கோயிலுக்குள் இருக்கும் மடமையைக் காட்டிவிட்டு நாம் நின்றுவிடலாகாது. அதே மனப்பான்மை, சட்டை மாற்றிக்கொண்டு, சர்க்கார் அலுவலகத்திலும் உலவுகிறது. பெண்ணுக்கு நாற்காலி தருகிறார்கள். நாற்காலிக்குக் கால் தருவதில்லை. பெண்ணுக்குப் பட்டம் தருகிறார்கள்; பட்டத்தோடு பலம் தருவதில்லை. பெண்ணுரிமை காக்கும் குழுக்களில் அமர்ந்து பணியாற்றும் பெண்களின் நிலையைத்தான் சொல்கிறோம்.

2013ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பணியிடத்தில் பெண்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாவதைத் தடுக்கும் சட்டம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், அந்த நிறுவனமே ஒரு குழு அமைக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கடைகள், பட்டறைகள், வீட்டு வேலை, முதலாளியே குற்றம் சாட்டப்படும் இடங்கள் ஆகியவற்றுக்கு மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு. துணிக்கடையில் புடவை மடிக்கும் பெண், கட்டடத்தில் கலவை சுமக்கும் சித்தாள், சந்தையில் காய் பிரிப்பவள், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவள் ஆகியோருக்கு இந்தக் குழுவே நீதியின் வாயில்.

அந்தக் குழுவில் யார் அமர்கிறார்கள்? தலைவர், சமூகப் பணியில் சிறந்து விளங்கும் ஒரு பெண். இருவர் தொண்டு நிறுவனங்களிலிருந்தோ, பெண்கள் நலனில் ஈடுபாடு கொண்டவர்களிலிருந்தோ வருவோர். ஒருவர் ஒன்றியத்திலோ, வட்டத்திலோ, வார்டிலோ பணிபுரியும் பெண். சமூகநலத் துறை அதிகாரி ஒருவர் பதவி வழி உறுப்பினர். சாட்சியை அழைக்கவும், ஆவணத்தைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தைச் சட்டம் இவர்களுக்கு அளித்திருக்கிறது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. பொறுப்பு சிறிதா? இல்லை. ஒரு பெண்ணின் மானமும், பிழைப்பும், ஒரு மனிதர்மீது சுமத்தப்பட்ட குற்றமும் இவர்கள் தீர்ப்பில் தொங்குகின்றன.

இத்தகைய பொறுப்புக்கு அளிக்கும் மதிப்பு என்ன? 2013ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன: விசாரணை நடக்கும் நாளுக்குத் தலைவருக்கு 250 ரூபாய், தொண்டு அமைப்பிலிருந்து வரும் உறுப்பினருக்கு 200 ரூபாய், அதனோடு பயணச் செலவு. 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். மண் வெட்டுவதற்கு 319. மானம் காப்பதற்கு 200! மண் வெட்டுபவர் மட்டமென்று நாம் சொல்லவில்லை. அவர் கூலி இன்னும் உயர வேண்டும் என்பதே நம் கட்சி. நாம் கேட்பது வேறு: அந்த மண் வெட்டும் பெண், தன் கூலியை இழந்து, 200 ரூபாய்க்கு இந்தக் குழுவில் வந்து அமர முடியுமா? முடியாது. யாரால் முடியும்? வீட்டில் வருமானம் உள்ளவரால் முடியும். கார் உள்ளவரால் முடியும். கதவை அகலத் திறந்திருக்கிறோம் என்று சட்டம் சொல்கிறது. படிக்கட்டைப் பணக்காரர் வீட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள்!

“இது தொண்டு அல்லவா? தொண்டுக்கு விலை பேசலாமா?” என்று கேட்பார்கள். தொண்டின் பெருமையை நமக்கா கற்றுத் தருவது? 1938ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த தமிழர் படையில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் கால் கடுக்க நடந்தார். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார். படி கேட்டாரா, பட்டம் கேட்டாரா? இல்லை. ஆனால், அவர் செய்தது அதிகாரத்தை எதிர்த்து நின்ற தொண்டு. இன்று கேட்கப்படுவதோ, அதிகாரம் செய்ய வேண்டிய வேலையை அதிகாரத்துக்காகச் செய்து தரும் தொண்டு! நீதிபதியிடம் “தொண்டாகத் தீர்ப்பெழுதும்” என்று சொல்வாருண்டா? வட்டாட்சியரிடம் “சேவையாகப் பட்டா வழங்கும்” என்று சொல்வாருண்டா? பெண்ணுக்கு நீதி வழங்கும் இடம் வந்தால் மட்டும் தொண்டு, தியாகம், தாய்மை என்று சொற்கள் பொழிவானேன்? அடுப்படியில் ஊதியமின்றி உழைக்கப் பழக்கிய சமுதாயம், அலுவலகத்திலும் அதையே எதிர்பார்க்கிறது. அவ்வளவுதான்!

இந்தச் சட்டம் பிறந்த வரலாறே நம் பேச்சுக்குச் சான்று. இராசஸ்தான் மாநிலத்தில் பன்வாரி தேவி என்னும் பெண்மணி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்னும் கிராமப் பணியாளராக இருந்தார். குயவர் குலத்தவர், பெற்றதோ சிறு மதிப்பூதியம். 1992ஆம் ஆண்டு குழந்தை மணம் ஒன்றைத் தடுக்க முயன்றார். அது அரசு அவருக்கு இட்ட பணி. அதற்காக ஆதிக்கச் சாதியினர் அவர்மீது கூட்டு வன்கொடுமை புரிந்தனர் என்பது அவர் அளித்த புகார். 1995ஆம் ஆண்டு விசாரணை நீதிமன்றம், வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆடவர் கீழ்சாதிப் பெண்ணைத் தீண்டமாட்டார் என்னும் வாதமும் அங்கே எடுபட்டது! தீண்டாமைக்கு அப்படியும் ஒரு பயன் கண்டுபிடித்தார்கள். பெண் அமைப்புகள் பொங்கி எழுந்தன. தீர்ப்புக்கு முன்பே அவை உச்சநீதிமன்றத்தை அணுகியிருந்தன. 1997ஆம் ஆண்டு விசாகா வழக்கில் நெறிமுறைகள் பிறந்தன. பதினாறு ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அரசின் பணியைச் செய்தார்; அரசின் பாதுகாப்பு இல்லை. மதிப்பூதியம் உண்டு, மதிப்பு இல்லை. அவருடைய கண்ணீரிலிருந்து பிறந்த சட்டம், அவரைப் போன்றோரையே மீண்டும் மதிப்பூதியத்தில் நிறுத்துமானால், கற்ற பாடம் என்ன?

இப்போது சமயநல்லூருக்கு வருவோம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில், சாலையும் தண்டவாளமும் ஓடும் ஊர். 2008ஆம் ஆண்டு தொகுதிச் சீரமைப்பு வரை தன் பெயரிலேயே ஒரு தனித்தொகுதியைக் கொண்டிருந்த ஊர். பக்கத்தில் பரவைக் காய்கறிச் சந்தை. இருள் பிரியுமுன் வேலைக்குக் கிளம்பும் பெண்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களில் ஒருத்திக்கு மேஸ்திரியாலோ, கடைக்காரராலோ தொல்லை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழு மாவட்டத் தலைநகரில். போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டாம் முறை அழைத்தால் இரண்டாம் நாள் கூலி போயிற்று. மூன்றாம் முறை வேலையே போயிற்று!

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒன்றியந்தோறும், வட்டந்தோறும், நகர்ப்புறத்தில் வார்டுதோறும் ஒரு பொறுப்பு அதிகாரி அமர்த்தப்பட வேண்டும். அவரிடம் புகாரைத் தந்தால் போதும்; ஏழு நாளுக்குள் அவர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மதுரை மேற்கு ஒன்றியத்துக்கு அந்த அதிகாரி யார்? அவர் பெயர் எந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது? சந்தை வாயிலிலா? பேருந்து நிறுத்தத்திலா? ஊராட்சி அலுவலகத்திலா? தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துக்கு இடமளிக்கும் சுவர்கள், இந்த ஒரு பெயருக்கு இடமளிக்க மாட்டாவா? இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

நாம் மட்டும் கேட்கவில்லை. சட்டம் வந்து பத்தாண்டு கழிந்தபின், 2023ஆம் ஆண்டு, அதன் நடைமுறையில் பெருங்குறைகள் உள்ளன என்று உச்சநீதிமன்றமே வருந்தியது. 2024 டிசம்பரில், மாவட்ட அதிகாரிகளை அமர்த்துக, உள்ளூர்க் குழுக்களை அமைத்திடுக என்று நாள் குறித்து மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறைவேற்ற நீதிமன்றம் நாள் குறிக்க வேண்டியிருந்தது என்றால், பெண்ணின் முறையீடு எந்த அடுக்கில் தூங்கியது என்பதை ஊகிக்கலாம்.

“எதற்குக் குழு? ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க மாட்டார்களா?” என்பார் சிலர். தீர்ப்பார்கள்! ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக் கொடுத்து, “வெளியே சொன்னால் உன் மானம்தான் போகும், ஆத்தா” என்று அனுப்பிவைப்பார்கள். சட்டமோ, பெண் விரும்பினால் மட்டுமே சமரசம், அந்தச் சமரசத்துக்குப் பணம் அடிப்படையாகலாகாது என்கிறது. “பொய்ப் புகார் வருமே!” என்பார் வேறு சிலர். தீய நோக்கோடு பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் அதற்கும் நடவடிக்கை சட்டத்தில் உண்டு. மெய்ப்பிக்க இயலாமற்போனது மட்டுமே பொய்யாகாது என்ற தெளிவும் உண்டு. படித்துவிட்டுப் பேசட்டும்.

மற்ற நாட்டையும் பார்ப்போம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் 1975ஆம் ஆண்டு பெண்கள் நிலை குறித்த ஆணையம் ஒன்றை அமைத்தது. 1998ஆம் ஆண்டு, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைத் தன் நகரச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. உறுப்பினர்கள் பொதுவாழ்விலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னே சம்பளம் பெறும் ஊழியர் இருந்தனர். நகரத் துறைகளின் செலவையும் பணியமர்த்தலையும் ஆராயும் உரிமை இருந்தது. தொண்டு அங்கே தனியே விடப்படவில்லை.

கடல் கடந்து போவானேன்? சமயநல்லூரைத் தாண்டிச் செல்லும் சாலை சேரும் திண்டுக்கல்லையே பாருங்கள். 2021ஆம் ஆண்டு, அம்மாவட்டத்து ஆடை ஆலையொன்றில் உழைத்த பட்டியலினப் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் ஆலையின் மேற்பார்வையாளர். பட்டியலினப் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாது போராடி, 2022ஆம் ஆண்டு திண்டுக்கல் உடன்பாட்டைப் பெற்றது. தையல் எந்திரத்தின் முன் அமரும் பெண்களையே பயிற்றுவித்து, தொல்லைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அவர்களிடம் அளிப்பது அதன் உயிர்நாடி. உழைக்கும் பெண்ணுக்கு நீதியின் நுட்பம் விளங்காது என்று எவரேனும் சொன்னால், அவரைத் திண்டுக்கல்லுக்கு அனுப்புங்கள்!

ஆகவே நாம் கேட்பன இவை. குழு மாவட்ட அலுவலகத்திலேயே அமராமல், ஒன்றியந்தோறும் முறை வைத்து அமர வேண்டும். உறுப்பினருக்கு ஒரு நாள் உழைப்பின் மதிப்பாவது படியாகத் தரப்பட வேண்டும். கூலிப் பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட சமுதாயப் பெண்களுக்கும் பெயரளவில் அன்றி, பேச்சளவில் இடம் வேண்டும். எத்தனை புகார் வந்தன, எத்தனை முடிந்தன என்பதை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் இயற்றியது. அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். தீர்மானத்திலிருந்து சட்டத்துக்கு அறுபது ஆண்டு! சட்டத்திலிருந்து சமயநல்லூரின் சித்தாள் வீட்டுக்கு எத்தனை ஆண்டு? அந்தக் கணக்கை முடிக்க வேண்டியவர்கள் நீங்கள், இளைஞர்களே!

மேடையில் பெண்ணுரிமை முழங்குவது எளிது. ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் ஒன்றியத்தின் பொறுப்பு அதிகாரி யார், குழு கடந்த ஆண்டு எத்தனை நாள் அமர்ந்தது, உறுப்பினர்களுக்குப் படி வழங்கப்பட்டதா என்று மூன்று கேள்வி எழுதுங்கள். விடை வந்ததும் அந்த அதிகாரியின் பெயரைச் சந்தை வாயிலில், கொட்டை எழுத்தில், எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

சிலைக்குச் செங்கோல் கொடுத்தது போதும். உழைக்கும் பெண்ணின் கையில் அதிகாரத்தைக் கொடுக்கும் வரை, கேள்வியை நிறுத்தோம்!